வாட்டம் பார்த்தவர்

என் வீட்டுக்காரருக்கு வேலை செய்கிற இடங்களில் ‘மட்டம்’ என்று பெயர். டைல்ஸ் ஒட்டுகிறவர். அவர் போட்ட தரையில் ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும் என்பார்கள். அதனால் வந்த பெயர். “ஊரே உங்கள மட்டம்னு கூப்பிடுது, அதுல உங்களுக்குப் பெருமை வேற” என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார். எனக்கு வாய் நீளம். அவருக்குக் கைதான் பேசும். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையெல்லாம் நான் ஒருத்தியே போட்டது.

இன்றைக்கு அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. சுவரைப் பிடிக்காமல் நாலு எட்டு வைக்க முடியாது. அதற்கெல்லாம் நான் அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். எங்களுக்கு ஒரே பெண். இருபத்தொரு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். பல் செட்டு செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு வந்தது அவளுக்கும் உண்டா இல்லையா என்ற கேள்வியை இரண்டு வருஷம் மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

குளியலறைத் தரையை மட்டமாகப் போடக் கூடாது. தண்ணீர் ஓட்டைப் பக்கம் ஓடுகிற மாதிரி லேசாகச் சரித்துப் போட வேண்டும். அந்தச் சரிவுக்கு அவர்கள் தொழிலில் வாட்டம் என்று பெயர். ஒரு நாள் வேலை விட்டு வந்தவர் ஹாலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, “இந்தத் தரை வாட்டமா இருக்கு” என்றார். பதினாறு வருஷமாகக் குடியிருக்கும் வீடு. “தரை நல்லாத்தான் இருக்கு, உங்க மூஞ்சிதான் வாட்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. திருப்பிப் போட்டு வைத்தார். அப்போதும் நடுவில்தான். மறுநாள் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். பழையதில் கோளாறாம். புதியதும் அதையேதான் காட்டியது. ஒரு மாதம், தினமும் சாயங்காலம், வீடு முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து வைத்துப் பார்த்தார். பாப்பாவும் நானும் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்தது காது. டைல்ஸ் ஒட்டி முடித்ததும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். அடியில் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் ஒரு சத்தம். பிடிக்காமல் வெற்றிடமாக இருந்தால் வேறு சத்தம். அடுத்த அறையில் வேறு யாரோ தட்டினால்கூட, ‘அந்த மூலைல மூணாவது கல்ல எடுத்துட்டுப் போடு’ என்று இங்கிருந்து சொல்கிறவர் இவர். இப்போது பக்கத்தில் குனிந்து தட்டினாலும் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது என்றார். வலது காதுக்குள் எந்நேரமும் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது என்றார். ஒரு வீட்டில் இவர் ஒட்டிய பதினெட்டு டைல்ஸ் மூன்றே மாதத்தில் பெயர்ந்து வந்தன. அந்த வீட்டு அம்மா மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கிழித்துத் தொங்கவிட்டாள். மேஸ்திரி நேரே இவரைத் தேடி வந்த நேரம், இவர் ஒரு சிமெண்ட் மூட்டையைத் தாண்டப் போய்ச் சுவரில் மோதிக்கொண்டு நின்றிருக்கிறார். தண்ணி போட்டுவிட்டு வேலைக்கு வருகிறான் என்று மேஸ்திரி முடிவு கட்டிவிட்டார். அன்றோடு வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நானும் அதையேதான் கேட்டேன். கேட்டேன் என்ன, வாயை ஊதச் சொன்னேன். பெற்ற பெண் முன்னால் அந்த மனுஷன் வாயைத் திறந்து ஊதினார். வாசனை ஒன்றும் இல்லை. ஏலக்காய் மென்றுவிட்டு வந்திருப்பீர்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு பேசினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்கப்புறம் தெரிந்த பிளம்பர் ஒருவர் பாவம் பார்த்துச் சின்னச் சின்ன வேலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சாயங்காலம் கட்டி முடியாத மாடியிலிருந்து இரண்டு பேரும் இறங்கும்போது கரண்ட் போயிருக்கிறது. இருட்டானதும் இவருக்கு மேலே எது கீழே எது என்றே தெரியவில்லை. கால் படிமேல் இருக்கிறதா காற்றில் இருக்கிறதா என்பதுகூடத் தெரியவில்லையாம். விளக்கு வந்து பிளம்பர் திரும்பிப் பார்த்தபோது இவர் ஒரு படியில் குப்புறப் படுத்துக் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கையைப் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது என்று பிளம்பர் வந்து சொன்னார். குடிக்கிற ஆள் இல்லை அக்கா, இது வேற ஏதோ, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க என்றும் அவர்தான் சொன்னார். கட்டின பெண்டாட்டிக்குத் தோன்றாதது குழாய் மாட்டுகிற மனுஷனுக்குத் தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் காலை ஒட்டி வைத்து நிற்கச் சொன்னார். நின்றார். கண்ணை மூடச் சொன்னார். மூடியதுதான் தாமதம், அப்படியே வலது பக்கம் சாய்ந்தார். நர்ஸ் தயாராக நின்றிருந்ததால் பிடித்துக்கொண்டாள். ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. கேட்பதற்கும் நிலையாக நிற்பதற்கும் அந்த நரம்புதான். இரண்டு பக்கமும் இருந்தது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தாராம், கண்ணை மூடினால் பிடிமானம் கிடையாதாம். கேன்சர் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு உடனே ஏறவில்லை.

இரண்டு பக்கமும் வந்தால் அது பிறவியிலேயே ரத்தத்தில் இருக்கிற கோளாறு. பெற்ற பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வரலாம். “பொண்ணுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடணும். எதுவும் தெரியாதப்பவே பார்த்துட்டா, காதைக் காப்பாத்த ஏதாவது வழி இருக்கும்” என்றார். அடுத்த வாரமே கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று இவர்தான் தலையாட்டினார். அப்போது இடது காது கேட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பாகிட்ட இப்ப எதுவும் சொல்லாதே என்றார்.

அன்று சாயங்காலம் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. பாப்பா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை ஹாலுக்குக் கூப்பிட்டுக் காலை ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கச் சொன்னார். என்ன விளையாட்டு இது என்று சிரித்துக்கொண்டே நின்றாள். அசையவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். நீட்டினாள். இந்த மனுஷன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அவள் கைகள் இரண்டின் மேலும் குறுக்கே வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டு, குனிந்து, குமிழியையே பார்த்தார். நானும் பார்த்தேன். கொஞ்சம் இந்தப் பக்கம் போயிற்று, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிற்று, அப்புறம் நடுவில் வந்து நின்றது.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்து என் காதில், “மட்டமா நிக்கிறா. இவளுக்கு இல்ல” என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிற நான் அன்றைக்குத் திறக்கவில்லை. ரசமட்டத்துக்கும் ரத்தத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றைக்கு மட்டமாக இருக்கிற தரை நாளைக்கு இறங்காதா, அது உங்களுக்கே தெரியாதா என்று கேட்டிருக்கலாம். கேட்க மனசு வரவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. பெண் வெளியூரில் இருக்கிறாள் என்று இரண்டு தடவையும் நான்தான் பொய் சொன்னேன். மூன்றாவது தடவை அவர்கள் கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருக்கு வலது பக்கம் ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு அந்தக் காதும் போயிற்று. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கண் மூடாது, தூங்கும்போது பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவேன். நடை சரியாகிவிடும் என்று பயிற்சி கொடுத்தார்கள். தரையில் கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொன்னார்கள். நூல் பிடித்து வரிசை போட்ட மனுஷன், ஒரு கோட்டின் மேல் ஆறு அடி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். நான் லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். வெளியே வந்து விழுந்துவிடக் கூடாதே என்றுதான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்ததில் இடுப்பு உயரத்துக்கு வீடு முழுக்க ஒரு கறுப்புப் பட்டை விழுந்துவிட்டது. தேய்த்துக் கழுவினால் ஒரே வாரத்தில் திரும்ப வந்துவிடும். இப்போது கழுவுவதில்லை.

ஒன்றரை வருஷத்தில் இடது பக்கத்துக் கட்டியும் வேலையைக் காட்டிவிட்டது. பேச்சு தூரம் தூரமாகப் போய், ஒரு நாள் காலையில் நான் கத்தியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ஒரு நோட்டு வாங்கி வைத்து எழுதிக் காட்டுகிறோம். இருபத்து மூன்று வருஷம் நான் பேசியதைக் கேட்டவர். இப்போது நான் எழுதுவது ‘சாப்பிடுங்க’, ‘மாத்திரை போட்டீங்களா’, அவ்வளவுதான். எழுதிச் சண்டை போட முடியுமா? ஒரு நாள் என்னிடமிருந்து பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நான் செத்திருந்தால் உனக்கு இந்த வேலையெல்லாம் இல்லை என்றார். அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையால் அவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு இருந்த ஒரே ஆறுதல், பாப்பா தப்பித்தாள் என்பது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லிவிடுவார்.

போன மாதம் பாப்பா சமையலறையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். வலது கையில் போன், இடது கையில் கரண்டி. போனை வலது காதில் வைத்தவள், என்ன என்ன என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, போனை இடது காதுக்கு மாற்றினாள். பேசி முடித்ததும் நான் வலது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கேட்டதற்கு, லேபில் பல் செட்டு தேய்க்கிற மிஷின் சத்தம் காதிலேயே தங்கிவிட்டது, லீவு நாளில்கூட இரைகிறது, மூன்று நாலு மாதமாகவே அப்படித்தான் என்று சாதாரணமாகச் சொன்னாள். மறுநாளே ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவரிடம் சும்மா காதில் அழுக்கு என்று எழுதிக் காட்டினேன். நம்பவில்லை போலிருக்கிறது. ரிசல்ட் வாங்கப் போகும் நாளில் சட்டை மாட்டிக்கொண்டு கதவருகில் வந்து நின்றார்.

அதே டாக்டரம்மா. அவரை வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் பாப்பாவும் உள்ளே போனோம். டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் இருந்தது. சின்ன வயசில் ஒரு பக்கம் நரம்பு பலம் குறைந்தால் உடம்பு தானே சமாளித்துக்கொள்ளும், நடையில் எதுவுமே தெரியாது என்றார். கண்ணை மூடிக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாமாம். அப்புறம் அப்பாவுடைய பழைய பைலைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷம் முன்னாடியே வரச் சொல்லியிருந்தேனே அம்மா.”

பாப்பா என் பக்கம் திரும்பினாள். “அப்போ உங்களுக்குத் தெரியும்” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை, தெரிந்துகொண்டதைச் சொன்னாள்.

வெளியே வந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். நான் நோட்டைப் பிரித்துப் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. பாப்பா பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எனக்கும் இருக்கு அப்பா’ என்று எழுதிக் காட்டினாள். அவர் படித்தார். படித்த வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு போனாள், திரும்பியும் வந்தாள், அவர் இன்னும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா நோட்டைத் தன் மடிக்கு இழுத்துக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

‘உங்களுக்கு முதல்ல போனது எந்தக் காது?’

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “வலது” என்றார். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.