வேகாத ஓடுகள்

கொடுமுடி தாண்டியதும், சாலையோர ஓட்டுச் சூளை ஒன்றின் எதிரே எங்கள் கார் பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் டயரை மாற்றுகிறார். சூளைக் களத்தில், இன்று அச்சில் அழுத்தி எடுத்த கூரை ஓடுகள் வரிசையாகக் காய்கின்றன. காய்ந்த பிறகுதான் அவை நெருப்புக்குப் போகும். மேற்கே வானம் கறுத்துவிட்டது. முதல் துளிகள் விழுந்ததும் வேலை செய்யும் பெண்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

"ஏனுங்க, சும்மா நிக்கறீங்களே, அந்த மூலையப் புடிங்க!" என்கிறார் தலையில் துண்டு கட்டிய ஒருவர்.

ஓடிப்போய்ப் பிடிக்கிறேன். காற்று தார்ப்பாயைப் பிடுங்குகிறது. பாதிக் களத்தைத்தான் மூட முடிகிறது. மழை வலுக்க, மிச்ச ஓடுகள் விளிம்பு மழுங்கிச் சரிந்து சேறாகின்றன.

கொட்டகையில் ஒதுங்கி நிற்கிறோம். அந்தச் சேற்றை என்ன செய்வார்கள் என்று துண்டு கட்டியவரிடம் கேட்கிறேன்.

"வேகாத மண்ணுதானுங்களே. அள்ளி மறுக்கா அரைச்சு அச்சுல போட்டுக்கலாமுங்க."

"அப்போ நட்டமில்லைன்னு சொல்லுங்க."

அவர் என்னை நேராகப் பார்க்கிறார்.

"மண்ணுக்கு நட்டமில்லீங்க. காத்தாலயிருந்து அழுத்துனது என் கையுங்க."

மழை விடுவதற்கு முன்பே மண்வெட்டியோடு களத்தில் இறங்குகிறார்.