பிரேமலதா டீச்சரின் பனியாறு

சமாதானபுரத்தில் எந்தத் தெருவில் நின்று பிரேமலதா டீச்சர் வீடு எது என்று கேட்டாலும், "பனியாறு டீச்சரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை புவியியல் எடுத்தவர். மழை, காற்று, எரிமலை எல்லாம் மற்றவர்களைப் போலத்தான் நடத்துவார். பனியாறு பாடம் வந்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவார். மலை உச்சியில் பனி சேர்ந்து இறுகி, நகர்வதே தெரியாமல் நகர்ந்து, வழியில் உள்ள பாறையை எல்லாம் அரைத்துக்கொண்டு வந்து ஓரத்தில் கல்மேடாகக் கொட்டுவதை நீலச் சாக்பீஸில் வரைவார். அந்தக் கல்மேட்டுக்கு மொரைன் என்று பெயர். டீச்சர் வரைந்து முடிக்கும்போது பிள்ளைகளுக்குக் குளிரெடுக்கும் என்று பழைய மாணவிகள் இன்றும் சொல்கிறார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஆனால் ஆசையாகச் சொல்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர் கண்ணால் பார்த்த பனிக்கட்டி எல்லாம் மீன் சந்தையில் சீலா மீனுக்கு அடியில் கிடந்ததுதான். ஒருமுறை பிள்ளைகளை ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார். போவதற்கு முன்பே அரக்கு நிறத்தில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக்கொண்டார். ஊட்டியில் மழைதான் பெய்தது. ஸ்வெட்டர் அந்துருண்டை போட்டு பீரோவுக்குள் போனது.

இப்படி இருக்கையில்தான் இந்தச் சித்திரை முடியப்போகிற நேரத்தில் தங்கை கரோலின் வந்து, தாங்கள் பனிச்சறுக்கு விளையாடப் போவதாகச் சொன்னாள்.

கரோலின் பெருமாள்புரத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் கிருபைராஜ் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஹெப்ரான் ஜெர்மனியில் இருக்கிறான். அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்து, ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் தலைமாட்டில் இருக்கிற விடுதிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தான்.

"மத்த மலையில எல்லாம் மே மாசம் பனி உருகிருமாம்க்கா. இது பனியாறுங்கறதால எப்பவும் பனி கெடக்குமாம். அது மெல்ல மெல்ல நகருமாம், தெரியுமா?" என்றாள் கரோலின்.

டீச்சருக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "ஏட்டி, எனக்கா சொல்லித்தருத?" என்றார்.

காரணம் இருக்கிறது. கரோலின் அக்காவிடமே ஒன்பதாம் வகுப்புப் படித்தவள். பனியாறு படம் வரையச் சொன்னால் பல்பொடி கொட்டிக் கிடப்பதுபோல் எதையோ வரைந்து வைப்பாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி, அக்காவிடமே மாட்டி, வகுப்புக்கு வெளியே நின்றவள். அவள் போய்ப் பனியாற்றின் மேல் நிற்கப்போகிறாள். பாடம் நடத்தியவர் இங்கே கத்திரி வெயிலில் பனைநுங்கு வாங்கப் பையை எடுத்துக்கொண்டு நிற்கவேண்டும். டீச்சருக்கு ஒரே மகள், ஸ்டெபி. அவள் மதுரையில் வங்கியில் வேலை பார்க்கிறாள். மதுரையில் பனியாறு கிடையாது.

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். வெளியே சொல்ல முடியாத வயிற்றெரிச்சல். கரோலின் தினம் சாயங்காலம் ஃபோன் போட்டு அதில் எண்ணெய் ஊற்றினாள். கயிற்றில் தொங்குகிற பெட்டியில் ஏறித்தான் மேலே போகவேண்டுமாம். சறுக்குகிற பலகை, பூட்ஸ், தலைக்கவசம் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் குழந்தைகள் சறுக்குகிற சின்னச் சரிவு தனியாக இருக்கிறதாம். முதல் நாள் மேலே போகாமல் கீழே தங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ளவேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் "ம்" போட்டார். ஃபோனை வைத்த பிறகு அடுப்படியில் பாத்திரங்கள் சத்தம் போட்டன.

டீச்சரின் கணவர் ஞானையா சூதுவாது தெரியாத மனுஷன். ஒருநாள் பெருமாள்புரம் போய்விட்டு வந்து வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "சகலன் மொட்டை மாடியில ரெண்டு மாப் கம்பை ஊணிக்கிட்டு, முட்டியை மடக்கிப் பழகுதான் பாத்துக்கோ. பைய பைய நல்லாவே வருது. நானும் கொஞ்சம் பழகுனேன்."

"நீங்க எதுக்குப் பழகுதீய? சாலைத்தெருவுல சறுக்கவா?" என்றார் டீச்சர். ஞானையா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் கரோலின் நேரிலேயே வந்தாள். "அக்கா, ஒன் ஊட்டி ஸ்வெட்டரைத் தாயேன். இங்கன கடையில இந்த வெயில்ல கேட்டா சிரிக்கான்."

"அதை அந்து அரிச்சிட்டுட்டீ" என்றார் டீச்சர். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பீரோவுக்குள் ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் இருந்தது. கரோலின் ஐயோ பாவம் என்று ஸ்வெட்டருக்காக வருத்தப்பட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

இதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ ஸ்வெட்டரை அந்து அரித்திருக்கிறது. ஆனால் எங்கள் சபை வீடுகளில் தூரப் பயணம் போகிறவர்களுக்காக ஜெபக்கூட்டம் வைப்பது வழக்கம். பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சொந்த வார்த்தையில் ஜெபம் பண்ணி வழியனுப்பவேண்டும். பிறகு சுண்டல், காப்பி. கரோலின் வீட்டுக் கூட்டத்தில் ஜெபம் பண்ண மூத்தவர் வேறு யார்? அக்காதான்.

ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஆண்டவரைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்கிற வித்தை சபையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மருமகளைக் குத்துகிற மாமியாரும் அப்படித்தான் ஜெபிப்பாள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே ஆகவேண்டும். நடுவில் கண்ணைத் திறந்து போதும் என்று சொல்ல முடியாது.

கூடம் நிறைய ஆட்கள். டீச்சர் முழங்கால் படியிட்டார். முதல் நாலு வார்த்தை ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு பாடம் தானாக வந்தது.

"கிருபையுள்ள பிதாவே, உம்முடைய பிள்ளைகள் போகிற அந்தப் பனியாற்றை நீர் அறிந்திருக்கிறீர். பார்வைக்குச் சமதரையாகக் கிடந்தாலும், மேலே மெல்லிய பனி மூடி, அடியிலே பனைமர ஆழத்துக்குப் பிளவுகள் இருக்கிறதையும் அறிந்திருக்கிறீர். அதில் விழுந்தவர்களைத் தேடி எடுக்க முடியாமல், எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பனியாறே அவர்களைக் கீழே கொண்டுவந்து போடுகிறதையும் அறிந்திருக்கிறீர். காற்று மெலிந்த அந்த உயரத்திலே, சர்க்கரை வியாதியுள்ள எங்கள் சகோதரனின் நெஞ்சை நினைத்தருளும். மூட்டு தேய்ந்த எங்கள் சகோதரி கால் வழுக்கி..."

இப்படியே பனிச்சரிவு, எலும்பு முறிவு, குளிரில் விரல் கருகிப்போவது என்று ஒன்பதாம் வகுப்புப் பாடத்தையும் தாண்டி டீச்சர் போனார். அவருக்கு உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆமென் சொன்னபோது கூடத்தில் சுண்டலின் வாசனை மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் கரோலின் ஃபோன் பண்ணினாள். "அக்கா, நாங்க போகல. ராத்திரி பூரா அழுது ஜெபிச்சேன். கர்த்தர்தான் ஒன் வாய் மூலமா எங்களை எச்சரிச்சிருக்காரு. இல்லைன்னா அம்புட்டு வெவரம் ஒனக்கு எங்கன இருந்து வரும்?"

பாடப்புத்தகத்திலிருந்து வரும் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டு ஞானையாவுக்கு இரண்டாவது தோசையும் மொறுமொறுவென்று போட்டுக் கொடுத்தார். அன்று முழுதும் வயிற்றில் எரிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சேதி பரவியிருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் வழிவிட்டார்கள். ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க சுபின் துபாய்க்குப் போவுதான். நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லணும் டீச்சர்." பனியாறு டீச்சர் ஒரே வாரத்தில் தீர்க்கதரிசி ஆகிவிட்டார். கூட்டத்துக்கு அப்பால் கிருபைராஜ் தனியாக நின்றிருந்தார். டீச்சரைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். மாப் கம்புகள் மறுபடி தரை துடைக்கப் போய்விட்டன என்று ஞானையா வருத்தமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஹெப்ரான் அழைத்தான்.

"பெரியம்மா, நீங்க சொன்னா அம்மா கேப்பா. நாங்க போறது வழி போட்டு, கொடி நட்டு வச்ச எடம். பிளவு பக்கமே விடமாட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் ராசா" என்றார் டீச்சர்.

"சின்னப் பிள்ளையில என்னைய மடியில வச்சு சிலேட்டுல பனியாறு போட்டுக் காட்டுவீங்கள்லா? இங்க எத்தனையோ மலை இருக்கு. அந்த ஞாபகத்துலதான் இதைப் புடிச்சேன். அம்மாவுக்குக் காட்டணும்னு."

அம்மாவுக்குக் காட்டணும். டீச்சர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். வரைந்தவள் நான், மடியில் வைத்தவள் நான், காட்டுவது அவளுக்கா? பொறாமை அதுவரை இல்லாத அளவுக்கு எழும்பியது. கூடவே இன்னொன்றும் எழும்பியது. தன் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் ஆசையைத் தானே குழிதோண்டிப் புதைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஞானையாவையும் கூட்டிக்கொண்டு பெருமாள்புரம் போனார். போனதும் உட்காராமலேயே சொன்னார்: "கரோலின், அது கர்த்தர் சொன்னது இல்ல. எனக்கு ஒன் மேல பொறாமைட்டீ. அதுல பேசிட்டேன். நீ போ."

கரோலின் கொஞ்சம்கூட அசையவில்லை. அக்காவைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. "இருக்கட்டும்க்கா. அதனால என்ன? வேதத்துல கர்த்தர் கழுதை வாயாலயே பேசினவருல்லா?" என்றாள்.

கிருபைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞானையாவுக்கு இருமல் வந்தது. டீச்சர் வாழ்க்கையில் யாரும் அவரை நேருக்கு நேர் கழுதை என்று சொன்னதில்லை. அதுவும் இவ்வளவு அன்பாகச் சொன்னதில்லை.

"போகலாம்னு கர்த்தருக்குச் சித்தம்னா ஜெபத்துல சொல்லட்டும். நீ வாயால சொல்லுததை நான் எப்படி எடுக்க?" என்றாள் கரோலின்.

டீச்சருக்கு வேறு வழி இல்லை. அதே கூடத்தில், அதே இடத்தில் முழங்கால் படியிட்டார். மற்ற மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். இந்த முறை பாடம் வரவில்லை.

"ஆண்டவரே," என்றார் கடைசியில், "எனக்கு வயித்தெரிச்சல். நீர் பாத்துக்கிட்டுதான் இருந்தீரு. ஆயுசு பூரா நான் போர்டுல வரஞ்சதை இவ போயிப் பாக்கப்போறா. இவளுக்கு ஒழுங்கா வரையக்கூடத் தெரியாது. நான் பாக்கணும்னு எவ்வளவு ஆசப்பட்டேன்னு ஒமக்குத் தெரியும், வேற ஒருத்தருக்கும் தெரியாது. இவுகளுக்கே தெரியாது. அதான் விழுவா, சாவான்னு பேசினேன். பேசும்போது நல்லாருந்துச்சு. அந்த வார்த்தை எல்லாம் என் வார்த்தை. ஒம்ம பேரு அதுல வேண்டாம். இவ ஸ்வெட்டர் கேட்டப்ப அந்து அரிச்சிட்டுன்னு சொன்னேன். அரிக்கல. பீரோவுல இருக்கு. இப்பவும் எனக்கு எரியத்தான் செய்யுது. ஆனா இவ போகட்டும். பத்திரமா போயிட்டு வரட்டும். ஆமென்."

ஞானையா மட்டும் தாமதமாக ஆமென் சொன்னார். இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியாமல் போனதே என்று அவர் மூக்கை உறிஞ்சினார். கரோலின் கண்ணைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. நல்ல வார்த்தை சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்ப ஸ்வெட்டரை அந்து அரிக்கலயா?" என்றாள்.

"இல்லட்டீ."

"நாளைக்குக் கொண்டுவந்து குடு."

அவர்கள் போனார்கள். மே மாதக் கடைசியில் ஒருநாள் மத்தியானம், வெயில் கண்ணைக் குருடாக்கிய நேரத்தில், டீச்சரின் ஃபோனில் வீடியோ அழைப்பு வந்தது. திரை நிறைய கரோலின் முகம். தலைக்கவசத்துக்குள் கன்னம் பிதுங்க, மூக்கு சிவக்க, அரக்கு ஸ்வெட்டரின் கழுத்து மேல்கோட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்க நின்றாள். பின்னால் கிருபைராஜ் முட்டியை மடக்கி ஒழுங்காகத்தான் புறப்பட்டார், நாலடி போய் உட்கார்ந்துவிட்டார். யாரோ கைதட்டினார்கள்.

"அக்கா, தெரியுதா? நான் ரெண்டு தரம் விழுந்துட்டேன்! ஒன் ஸ்வெட்டர் நல்லா கதகதன்னு இருக்கு. நீ வந்திருக்கணும்க்கா, நீதான் வந்திருக்கணும்..." கரோலின் சொல்லும்போதே அழுதாள். முகம் இன்னும் பெரிதாகத் திரையை அடைத்தது.

ஞானையாவின் கண்ணாடியைப் பிடுங்கித் தன் கண்ணாடிக்கு மேலே வைத்துக்கொண்டு, டீச்சர் ஃபோனை மூக்கருகே கொண்டுபோனார். கரோலினின் காதுக்குப் பின்னால், தூரத்தில், வெள்ளைக்கு ஓரமாகக் கறுப்பாக ஒரு கல்மேடு கொஞ்சம் தெரிந்தது.

"ஏட்டி, ஒன் மூஞ்சியை நீ பெறந்ததுல இருந்து பாக்குதேன்" என்றார் டீச்சர். "அங்கன நகரு. மொரைன் மறைக்கி."