சாமி பேருக்கு ஒரு அர்ச்சனை

மாதந்தோறும் என் நட்சத்திரமான கேட்டையன்று அக்கா திருத்தணி மலைக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்வாள். நான் சமூக அறிவியல் பாடம் நடத்தியவன்; அரசியல் பேசிப் பேசியே வழக்கு வாங்கிக்கொண்டு, ஊர் திரும்ப முடியாமல் அயல்நாட்டில் கிடப்பவன். சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நாளை மட்டும் மறந்ததில்லை.

போன மாதம் மஃப்டியில் ஒருவர் அக்கா வீட்டுக்கு வந்து, "தம்பி பேசறாரா, எங்க இருக்காரு?" என்று கேட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டுக்காரர், பாவாவுக்கு அரசாங்க உத்தியோகம். என்னால் அதற்கு ஏதாவது வந்துவிட்டால்? பயம் குடும்பங்களுக்குள் எப்படி நுழைகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவன், என் வீட்டுக்குள் அது நுழைந்தபோது சொன்னது இவ்வளவுதான்: "எங்கயும் என் பேர சொல்லாத. கோயில்லயும்தான்."

"சரிடா. சாமி பேருக்கே பண்ணிட்றேன்" என்றாள். பெயர் சொல்ல விரும்பாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். முருகனுக்கு முருகன் பெயரிலேயே அர்ச்சனை.

இந்த மாதம் வரிசையில் நிற்கும்போதே என்னை அழைத்து, போனைத் துண்டிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். அங்கே சாயங்காலம், இங்கே நடுப்பகல். சமையல் மேடையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம். தள்ளாதே என்று யாரோ தெலுங்கில் கத்தினார்கள்.

"வழக்கமா சொல்ற பேருதானேம்மா?" என்றார் குருக்கள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இல்லீங்க. சாமி பேருக்கு" என்றாள் அக்கா. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "கேட்டை நட்சத்திரம்" என்றாள்.

"சாமி பேருக்குன்னா நட்சத்திரம் வேணாம்மா."

"ஆங், தெரியுங்க. இருந்தாலும் கேட்டைன்னு சொல்லிடுங்க."

அவளுக்குப் பின்னால் நிற்பது யார்? நான் பார்த்தே இராத அந்த மஃப்டிக்காரரின் முகம் என் கண்முன் நின்றது. அவள் வெளியே வந்து போனை எடுத்ததும் எரிந்து விழுந்தேன்.

"அறிவிருக்கா உனக்கு? என்ன சொல்லி அனுப்பனேன்?"



"அந்தாளு நேத்தும் வந்தாருடா. அவன் எங்களுக்கு செத்தமாதிரின்னு சொல்லி அனுப்பிட்டேன். நாள் பூரா அதையே நெனச்சிகினு கெடந்தேன். சாமிகிட்டயும் போயி நீ இல்லன்னு சொல்ல சொல்றியா?"

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நானும் அழுதேன்.