இரு கரைக்கும் பேசிய பியூலா மேடம்

சிதம்பரத்தில் தேர்வுக்கூடக் கண்காணிப்பில் இருந்தபோது அலுவலக உதவியாளர் வாசலிலிருந்து சைகை காட்டினார். வெளியே போனேன். "சார், பியூலா மேடம் தவறிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றார். உள்ளே திரும்பி மணி அடிக்கும்வரை நின்றேன். அன்று நடந்தது சர்வதேசச் சட்டத் தேர்வு. எழுதிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய மாணவர்கள்.

சட்டத்துறையில் அவரும் நானும் பல ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். சொத்துச் சட்டம் நடத்தும் நான், "ஒங்க சட்டத்துக்குப் போலீஸே கெடையாதே மேடம்" என்று சீண்டுவேன். அவர் கோபப்பட்டதில்லை. "நம்ம ஆளு அடுத்த நாட்டுல மாட்டட்டும் சார். அது வேணுமா வேணாமான்னு அப்பத் தெரியும்" என்பார்.

அப்படி மாட்டியவர் கடலூர் மீனவர் முருகையன். எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டு இலங்கையில் சிறைவைக்கப்பட்டார். அங்கே போர் முடிந்த அடுத்த ஆண்டு அது. அவரை மீட்க மேடம் அலைந்துகொண்டிருந்தபோதுதான், எஞ்சின் பழுதான படகோடு நிமல் என்ற சிங்கள மீனவர் நம் கரையில் ஒதுங்கினார். அன்று கடலூர் செம்மண்டலத்தில் மேடம் வீட்டில் இருந்த நானும் அவரோடு துறைமுகத்துக்கு ஓடினேன். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது.

"எஞ்சின் நின்னு ஒதுங்குனவரு குற்றவாளி இல்லைங்க. எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்டம் இது" என்றார் மேடம்.

"எங்க சனத்தக் கொன்னானுவளே, அப்ப எங்க போச்சு ஒங்க சட்டம்?" என்று ஒரு முதியவர் கேட்டார்.

மேடம் அவர் பக்கம் திரும்பி, "அப்ப தோத்துப்போச்சுங்க ஐயா. அதுக்காவ இப்பவும் தோக்கணுமா?" என்றார்.

முருகையனின் மனைவி அஞ்சலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எங்க வூட்டுக்காரரும் அங்க இப்புடித்தான் நின்னுருப்பாரு. வழி வுடுங்க" என்று நிமலிடம் தண்ணீரை நீட்டினார். போலீஸ் வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பிடித்து நிமலுக்காக வாதாட வைத்தார் மேடம். விடுதலைக்குப் பல மாதங்களாயின. முருகையனும் ஊர் திரும்பினார், அவர் படகு திரும்பவில்லை. இரு அரசுகளும் பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்றார்கள். அவர்கள் பேசுவதற்குள் அது அங்கேயே உளுத்து மூழ்கியது. முருகையன் இப்போது குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் கூலி.

"ஆளக் கொண்டாந்துட்டேன் சார். தொழிலக் கொண்டார முடியலியே." கடைசியாகப் பார்த்தபோதும் மேடம் இதையேதான் சொன்னார்.

அடக்கத்துக்கு வந்திருந்த முருகையன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் படகு மேடம் மனசுலயே கெடந்துச்சு சார். நான் எப்பவோ வுட்டுட்டேன். அத அவுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

இப்போது மேடத்தின் வகுப்பு என் பொறுப்பில். அவரை அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும்: எந்த மாணவராவது 'எதிரி நாடு' என்று சொல்லிவிட்டால், "அங்க யாரத் தெரியும் ஒனக்கு?" என்று கேட்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான். அவர் கேட்டால் வகுப்பு யோசிக்கும். நான் கேட்டால், தேர்வில் வருமோ என்று எழுதிக்கொள்கிறார்கள்.