கூரைக்குள் டவர் மரம்

வண்டியிலிருந்து பலகை இறங்கும்போதே ராமாத்தாள் கொடுவாளோடு வந்து நிற்பார். மேற்பக்கத்தைப் பார்ப்பதில்லை. மூலையில் ஒரு கொத்து. ஒரு சில்லு பெயரும். உள்ளே வெளுப்போ செம்மையோ இருந்தால் தலையாட்டுவார். பாசி பிடித்ததுபோல் பச்சை தெரிந்தால் கொடுவாள் நுனியாலேயே வண்டியைக் காட்டுவார். "திருப்பி ஏத்துங்க சாமி. இது நம்மளுக்கு ஆகாது."

நெருப்பெரிச்சல் ஊர்ச் சாலையோரம் அவருடைய விறகுக் கடை. பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு மெஷின் வந்திறங்கும் மரப்பெட்டி, சரக்கு அடுக்கி உடைந்த பேலட், இடித்த வீட்டின் சட்டம் எல்லாம் இங்கே வந்து விறகாகும். ஆள் ஒல்லி. சேலைக்கு மேலே, தையல் கோணியதால் கப்பலேறாமல் நின்றுபோன டீ சர்ட் ஒன்று. நெஞ்சில் ஏதோ ஒரு நாட்டு எழுத்து. "என்ன எழுதியிருக்குதோ, ஆரு கண்டா? வையாம இருந்தாச் செரி" என்பார்.

அந்தக் கடையில் தகரக் கூரை போட்ட இடம் ஒன்றுதான். விற்கிற விறகு வெளியே தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. கூரைக்குள், தரை படாமல் செங்கல் மேல் அடுக்கி வைத்திருந்ததோ விற்காத மரம். அதை அவர் 'டவர் மரம்' என்பார். அதைத் தொட வேண்டி வந்தால் மூக்கில் துண்டு கட்டிக்கொள்வார். தொட்டபின் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் சொம்பில் கை வைக்கமாட்டார்.

ஒரு சாயப்பட்டறையில், சுடுதண்ணீரை ஆறவைக்கும் பழைய கூலிங் டவரைப் பிரித்தபோது ஏலத்தில் எடுத்தது அது. வருடக்கணக்காகத் தண்ணீரில் நின்றும் மக்கவில்லை, கறையான் தொடவில்லை. நல்ல சரக்கு என்று சந்தோஷப்பட்டார். ஏன் மக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. கொஞ்சத்தை வெந்நீர் அடுப்பில் எரித்தார். சாம்பலைப் பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் கூடையில் அள்ளிப் போனார். மழைக்காலத்தில் கட்டுத்தரை ஈரத்துக்குச் சாம்பல் தூவுவது இந்தப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தச் சாம்பல் உப்புக் கரிக்கும் போலிருக்கிறது, மாடு நக்கிவிட்டது. வயிறு போயிற்று, கால் மடங்கிற்று, விடிவதற்குள் மாடும் போயிற்று. தள்ளிக் கட்டியிருந்த கன்று மட்டும் தப்பியது.

மாட்டு டாக்டர் வந்தவர், எந்த மரத்துச் சாம்பல் என்று கேட்டுக் கடைக்கே வந்து பார்த்தார். "மக்காம இருக்க இதுல பாசாணம் ஏத்தியிருக்குதுங்க, உள்ள தெரியற பச்சை அதுதான். எரிச்சாலும் அது போகாது, சாம்பல்ல நிக்கும். மழையில நனைஞ்சா மண்ணுக்கு எறங்கும்."

கண்ணம்மாள் சண்டைக்கு வரவில்லை. "தெரிஞ்சா குடுத்தீங்க, உடுங்க்கா" என்றதோடு சரி. "நாலு வார்த்தை வஞ்சிருந்தா எனக்கு ஆறியிருக்கும்" என்று ராமாத்தாள் இன்றும் சொல்வார்.

அந்த மரத்தை ஒழிக்க அவர் அலைந்தது கொஞ்சமல்ல. ஏலம் விட்டபின் எங்கள் பொறுப்பில்லை என்றது பட்டறை. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் கேட்டால், இந்த மாதிரிக் கழிவைப் பத்திரமாகப் புதைக்கும் இடத்துக்குக் கம்பெனிகள்தான் அனுப்ப முடியும் என்றார்கள். "கம்பெனிக்காரன்கிட்ட இருந்தா அது கம்பெனிக் கழிவாம். இப்ப அது என்ற கழிவாம். எனக்கு ஏதுங்க கம்பெனி?"

கல்யாணச் சமையல்காரர் மகுடேஸ்வரன்தான் கடையின் பெரிய வாடிக்கை. அந்த அடுக்கின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"சீர் சாமானாட்டக் கூரைக்குள்ள பூட்டி வெச்சிருக்கறீங்களே, ஆரு கலியாணத்துக்குங்க்கா?"

"உங்க கலியாணத்துக்கு இல்லீங் தம்பி."

"சோறாக்க வேண்டாம். பாத்திரங் கழுவ வெந்நி வெச்சுக்கறனே."

"சாம்பலை எங்க கொட்டுவீங்க?"

"மண்டபத்துக்குப் பொறகால."

"அங்க மாடு மேயாதுங்களா?"

மகுடேஸ்வரன் பேச்சை மாற்றிவிடுவார்.

போன வாரம் இடத்துக்காரர் குடோன் கட்டுவதற்காகக் கடையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். தகரக் கூரை அவருடையது, அதையும் கழற்றிக்கொண்டார். ராமாத்தாள் எதிர்ப்புறம் கண்ணம்மாளின் காலி நிலத்துக்கு மாறினார். முதல் வண்டியில் டவர் மரம்தான் போயிற்று. கீழே செங்கல் பரப்பி, சில்லும் தூளும் கூட்டிச் சாக்கில் கட்டி, அடுக்கின்மேலேயே வைத்தார். இழுபறியில் தார்ப்பாய்கள் கிழிந்துபோய் ஒன்றுதான் உருப்படியாக மிஞ்சியது. மறுநாள் முகூர்த்தத்துக்கு மகுடேஸ்வரன் சொல்லியிருந்த விறகைப் பிளந்து அதன்கீழ் போட்டிருந்தார்.

சாயந்தரம் மகுடேஸ்வரன் ஏற்றிப்போக வந்தார். வண்டி இன்னும் வரவில்லை, வானம் கறுத்துவிட்டது. பெருந்துளி விழ ஆரம்பித்ததும் அவர் ஓடிப்போய்த் தார்ப்பாயின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இழுத்து மூடுங்க்கா. நாளைக்கு விடியால உலை வெக்கோணும். ஈர வெறகுல புகைதான் வரும். நனைஞ்சுதுனா நான் வேற கடைக்குத்தான் போவோணும், இனியும் அங்கதான் போவேன். சொல்லீட்டேன்."

ராமாத்தாள் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தார். புது இடம் சரிவு. மேட்டில் டவர் மரம். கீழே கண்ணம்மாளின் தண்ணீர்த் தொட்டி. தொட்டியருகே தப்பிய கன்று, இப்போது கிடாரியாக வளர்ந்து, மழைக்கு முதுகைக் கொடுத்து நின்றது.

"உடுங்க தம்பி" என்று மகுடேஸ்வரன் கையிலிருந்து நுனியை வாங்கினார். விறகின்மேலிருந்து தார்ப்பாயை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டுபோய் டவர் மரத்தின்மேல் போட்டார். மூலைக்கு ஒரு செங்கலாக வைத்துக்கொண்டே வந்தார். கடைசி மூலைக்குக் கல் கிடைக்கவில்லை. காற்றில் அது படபடத்தது.

பின்னால் பிளந்த விறகு நனைந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல், சேலையை ஒதுக்கி, அந்த மூலையின்மேல் உட்கார்ந்துகொண்டார்.