காங்கேசன்துறைக் கடலில் ஒரு சரிகை நூல்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு, பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை ஒரு ரப்பர் பந்தைத் தந்தாள். மனுசன் அதை நாய்க்கு எறிந்துவிட்டார், அதுவும் இடக்கையால். அப்போதுதான் எங்கள் சாப்பாட்டு மேசையை மறித்து, கொடிகாமம் முதல் காங்கேசன்துறை வரை குட்டி நிலையங்களோடு அவர் கட்டி வைத்திருந்த விளையாட்டு ரயிலை அவள் கண்டாள்.

"ஐயா, இனி ரயில் ஓட்டுற உந்தக் குமிழை வலக்கையாலைதான் திருப்பவேணும். கை சும்மா கிடந்தால் அப்பிடியே இறுகிப்போகும்."

ரயிலென்றால் மறுக்கமாட்டார். இடக்கையால் வலக்கையைத் தூக்கிக் குமிழில் வைப்பார்; விரல்கள் மெல்ல அசையத் தொடங்கின. அந்தப் பிள்ளை நூறு வயது வாழவேண்டும்.

பிறகு ஒரு காலை ரயில் நின்றது. குமிழ்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு. எங்கோ ஷோர்ட், மின்சாரம் குறுக்கே பாய்கிறது. அவர் கையை மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த நாளும் அதே இருப்பு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ. நான் செய்யிறன்."

"உம்மாலை ஏலாது."

"பாப்பம்!"

தண்டவாளத் துண்டுகளை எல்லாம் கழற்றி, கொடிகாமத்திலிருந்து ஒவ்வொன்றாய்ப் பூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். எதைப் பூட்டச் சிவப்பு எரிகிறதோ அங்கேதான் பிழை. கொடிகாமம் நல்லம். யாழ்ப்பாணம் நல்லம். சுன்னாகமும் நல்லம். காங்கேசன்துறையைப் பூட்டினேன், எரிந்தது சிவப்பு.

அங்கே கடல். என் பழைய நீலப் பட்டுச்சேலையின் தலைப்பை வெட்டி நான்தான் விரித்திருந்தேன், அலைக்குச் சரிகை. அசல் வெள்ளிச் சரிகை, அம்மா பார்த்துப் பார்த்து எடுத்தது. அதில் ஒரு நூல் பிரிந்து இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே கிடந்தது. மின்சாரத்துக்கு அது போதாதா?

"உம்மடை சீலைதான்!" என்று சிரித்தார்.

"ஓமோம், இனி அதையும் சொல்லுங்கோ." குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். சிவப்பு அணைந்தது. ரயிலைத் தண்டவாளத்தில் ஏற்றிவைத்தேன். ஓடுதோ பார்ப்போம் என்ற அவசரத்தில் நானே குமிழில் கைவைத்தேன்.

"விடும். அது என்ரை வேலை."

மடியிலிருந்து வலக்கை எழும்பி வந்தது. இடக்கை அதைத் தூக்கிவிடவில்லை. விரல்கள் என் கையைத் தள்ளிவிட்டுக் குமிழைப் பிடித்துத் திருப்பின. அளவுக்கு மீறித் திருப்பிவிட்டன. ரயில் வளைவில் நிற்காமல் பெட்டிகளோடு பட்டுக்கடலில் போய் விழுந்தது.

நான், "முருகா, முருகா" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாமல் ரயிலை எடும்," என்றார்.

எடுக்க முடியவில்லை. அவருடைய கை என் கையை விடாமல் பிடித்திருந்தது.