மலை இறக்கத்தில் தொடர்ந்த பேச்சு

காலை ஏழு இருபது. ஏற்காட்டிலிருந்து காரில் இறங்கும்போது இடது பக்கக் கண்ணாடியில் வெண்மையாக ஏதோ தெரிந்தது. மூடுபனி என்று நினைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தேன்.

என் கணவருக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்திருந்தது. எனக்குச் சென்னையில் ஆசிரியை வேலை. குடும்பத்தோடு போவதா, சென்னையிலேயே இருப்பதா என்று முடிவெடுக்கவே இரண்டு நாள் ஏற்காட்டில் தங்கினோம். முடிவாகவில்லை. காரிலும் அதே பேச்சுதான். காரை ஓட்டிக்கொண்டே அவர் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசினார். கால் பிரேக்கிலேயே இருந்தது. கருகிய வாடை வந்தபோது, எஸ்டேட்டில் சருகு எரிக்கிறார்கள் என்று நான்தான் சொன்னேன்.

எதிரே ஏறி வந்த ஜீப் டிரைவர் கையை ஆட்டிக் கத்தினார். கணவர் மிதித்தார். பிரேக் தரைவரை இறங்கியது, கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசிய பிறகே நின்றது. அடுத்த வளைவுக்குப் பத்தடி இருந்தது.

புகைந்த சக்கரத்தில் ஊற்றக் கணவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

“ஊத்தாதீங்க, இந்தச் சூட்டுல விரிசல் வுட்டுருமுங்க!” என்று ஓடி வந்தார் டிரைவர். “பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடாகிப் புடிக்காதுங்க. ஏறுன கியர்லயே எறங்கோணுங்க. அப்படி என்னங்க பேச்சு?”

“பெங்களூருக்குப் போறதா வேண்டாமான்னு…” என்றேன்.

“மொதல்ல சேலம் போய்ச் சேருங்க.”

சக்கரம் ஆற ஒரு மணி நேரமானது.

இப்போது நானே கார் ஓட்டி மலையில் இறங்கும்போது இரண்டாம் கியரை மாற்றுவதில்லை. ஓடும் வண்டியில் எந்த முடிவையும் பேசுவதில்லை. கணவர் மூன்று மாதமாகப் பெங்களூரில் இருக்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன்.